ஸ்காட்லாந்து மலையில் கூடாரம் போட யாரோடு போவது?

கேள்வி: காரைக்குடியில் இருந்து எழுதுகிறேன், வயது 24. செப்டம்பரில் கிளாஸ்கோவுக்கு முதுநிலை படிக்கப் போகிறேன். ஸ்காட்லாந்தில் மலையில் கூடாரம் போட்டுத் தங்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்று கேள்விப்பட்டதில் இருந்து அதே நினைப்பாக இருக்கிறது. ஆனால் அந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. இணையத்தில் துணை தேடலாமா? பெண் பிள்ளை என்று அம்மா பயப்படுகிறார். அப்பச்சியோடு குன்றக்குடியில் இருந்து பழனிக்கு நடந்திருக்கிறேன், அதுதான் என் அனுபவம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: துணையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மாதத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். செப்டம்பரில் இறங்கியதும் அடுத்த வாரமே போகத் தோன்றும். போகாதீர்கள். அப்போது பகல் மளமளவென்று சுருங்கிக்கொண்டிருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டு, டிசம்பரில் நான்குக்கு முன்பே. ஆகஸ்ட் முதல் அக்டோபர் 20 வரை மலைகளில் ஆண் மான் வேட்டையும் மும்முரமாக நடக்கும், சில தடங்களில் மாற்று வழியில் போகச் சொல்லுவார்கள். கோடையில் போகலாம் என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி கூட்டம் கூட்டமாக வந்து கடித்துத் தீர்த்துவிடும். மே மாதத்தில் இந்தத் தொல்லைகள் குறைவு. மேற்குப் பக்கத்தில் மழையும் ஒப்பீட்டளவில் குறைச்சல், இரவு ஒன்பதைத் தாண்டியும் வெளிச்சம் இருக்கும். முதல் கூடாரத்தை மே மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். இடையில் கிடைக்கும் ஏழெட்டு மாதம் எதற்கு என்றால், துணை தேடத்தான்.

துணை தேடுவதும் ஆளைப் பிடிப்பதும் வேறு வேறு. "இந்த வாரம் மலைக்கு வர யார் தயார்?" என்று இணையத்தில் போட்டால் ஒரு மணி நேரத்தில் நாலு பேர் கிடைப்பார்கள். அவர்களில் யார் மழையில் எரிந்து விழுவார், யார் வரைபடம் பார்க்கத் தெரியாமலே தெரிந்ததுபோல் நடப்பார் என்பது கூடாரம் போட்ட பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்து பயனில்லை. அதனால் நான் எல்லோருக்கும் சொல்லும் ஒழுங்கு இது: யாரோடு கூடாரம் போடப் போகிறீர்களோ அவர்களோடு அதற்கு முன் இரண்டு பகல் நடை போயிருக்க வேண்டும், அதில் ஒன்றிலாவது மழை பெய்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் இந்த இரண்டாவது நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடும்.

நல்ல துணை கிடைக்கும் இடம் பல்கலைக்கழக மலைநடைக் குழுதான். செப்டம்பரில் புது மாணவர்களுக்கான வரவேற்பு வாரத்தில் எல்லாக் குழுக்களும் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும், அங்கே போய்ப் பெயர் கொடுங்கள். பொதுவாக இந்தக் குழுக்கள் வார இறுதியில் வண்டி வைத்து மலைக்குப் போகும், வழி தெரிந்தவர்கள் முன்னால் நடப்பார்கள். புதியவர்களுக்குக் கூடாரம், ஸ்லீப்பிங் பேக் இரவல் தரும் குழுக்களும் உண்டு. பல்கலைக்கழகத்துக்கு வெளியே பார்த்தால், மவுண்டனீயரிங் ஸ்காட்லாந்து என்ற அமைப்பில் சேர்ந்த மலையேற்றக் குழுக்கள் நாடு முழுக்க இருக்கின்றன. ராம்ப்ளர்ஸ் என்ற நடைக்காரர் சங்கத்துக்கும் ஊர் ஊராகக் கிளைகள் உண்டு. அங்கே வருகிறவர்களில் பலர் ஓய்வு பெற்றவர்கள், உங்களைவிட வேகமாக நடப்பார்கள்! ஆனால் மேகத்தைப் பார்த்து "திரும்புவோம்" என்று சொல்லும் நிதானம் அவர்களிடம்தான் அதிகம் பார்க்கலாம்.

நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே நிறைய இருப்பார்கள். வாட்ஸாப் குழு தொடங்கிப் பத்துப் பேர் சேர்ந்து பிரியாணி, ஸ்பீக்கர் சகிதம் கிளம்புவது நடக்கும். ஏரிக்கரையில் ஒரு பகல் சுற்றுலா என்றால் அருமையான கூட்டம், தாராளமாகப் போங்கள். மலையில் இரவு தங்க அது ஆகாது. அங்குள்ள நடைமுறை விதியே சிறு குழுவாகத் தங்கச் சொல்கிறது. மூன்று அல்லது நான்கு பேர் சரியான அளவு. ஒருவருக்குக் கால் பிசகினால் ஒருவர் கூட இருக்கலாம், மற்றவர் போன் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு இறங்கலாம். இரண்டு பேர் மட்டும் என்றால் இந்த வசதி இல்லை.

இணையத்தில் தேடவே கூடாதா என்றால், தேடலாம். ஆனால் அது மூன்றாவது வழியாக இருக்கட்டும். முதல் சந்திப்பு ஊருக்குள், காபிக் கடையில். இரண்டாவது சந்திப்பு ஆள் நடமாட்டமுள்ள சின்ன மலையில். லாக் லோமண்ட் ஏரிக்கரையில் பால்மஹா என்ற ஊருக்கு மேலே 361 மீட்டர் உயரத்தில் கானிக் ஹில் இருக்கிறது. அரை நாளில் ஏறி இறங்கலாம், எப்போதும் ஆட்கள் இருப்பார்கள். "எத்தனை மலை ஏறியிருக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு எல்லோரும் பெரிய எண்ணாகத்தான் சொல்வார்கள். "கடைசியாக எப்போது பாதியில் திரும்பினீர்கள், ஏன்?" என்று கேளுங்கள். அதற்கு நேரான பதில் வைத்திருப்பவரோடு போகலாம். திரும்பியதே இல்லை என்று பெருமையாகச் சொல்பவரை விட்டுவிடுங்கள். அப்புறம், உங்கள் கூடாரம் உங்களுக்கு மட்டும். "ஒரே டென்ட் போதுமே, எடை குறையுமே" என்று புதிதாக அறிமுகமானவர் சொன்னால் அந்தப் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள். காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

சட்டம் நீங்கள் கேள்விப்பட்டது போலத்தான், சில கொக்கிகளோடு. 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஸ்காட்லாந்தில் பெரும்பாலான திறந்த நிலத்தில் நடக்கவும் இரவு தங்கவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. பொறுப்போடு நடந்துகொண்டால்தான் அந்த உரிமை. பயிரோ கால்நடையோ இருக்கும் வேலியிட்ட வயலில் கூடாது. வீடு, சாலை, பழைய கட்டடங்கள் இவற்றில் இருந்து தள்ளிப் போட வேண்டும், ஒரே இடத்தில் இரண்டு மூன்று இரவுக்கு மேல் கூடாது. காலைக்கடனுக்கு ஓடை, ஏரியில் இருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளிக் குழி தோண்டி மூட வேண்டும். காருக்குள் தூங்குவது இந்த உரிமையில் சேராது. லாக் லோமண்ட் தேசியப் பூங்காவின் சில கரைப் பகுதிகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரை முன்கூட்டியே பணம் கட்டி அனுமதி வாங்கினால்தான் கூடாரம். கிளாஸ்கோவுக்குப் பக்கம் என்பதால் முதலில் எல்லோரும் ஓடுவது அங்கேதான், மாட்டுவதும் அங்கேதான். எல்லை தாண்டி இங்கிலாந்துக்குப் போனால் கதை வேறு. அங்கே டார்ட்மூர் என்ற மேட்டுநிலத்தில் அந்த உரிமை உண்டு என்று 2025 மே மாதம் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மற்ற இடங்களில் நிலத்துக்காரர் அனுமதி வேண்டும்.

இப்போது உங்கள் பழனி நடை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாள் கணக்காக நடந்தால் உள்ளங்கால் என்ன ஆகும், கொப்புளம் எங்கே வரும், மூன்றாம் நாள் மனசு எப்படிச் சோரும் என்பது உங்களுக்குத் தெரியும். கிளாஸ்கோ மாணவர்கள் பலருக்கு அது தெரியாது. கூட்டத்தில் மெதுவாக நடப்பவரை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதும் அங்கே பழகியிருக்கும். ஆனால் யாத்திரையில் வழியெங்கும் அன்னதானம், தண்ணீர், வெளிச்சம், மூட்டையை ஏற்றிவர வண்டி, பின்னால் ஆயிரம் பேர். ஸ்காட்லாந்தில் அதில் ஒன்றும் கிடையாது, எல்லாம் உங்கள் முதுகில். ஆக, நீங்கள் பழக வேண்டியது மூன்று விஷயம்: சுமை, குளிர், வரைபடம்.

சுமைக்குப் பயிற்சி இங்கேயே எடுக்கலாம். முதுகுப்பையில் பத்துக் கிலோ வைத்துக்கொண்டு விடிகாலையில் பிரான்மலை ஏறி இறங்குங்கள். கூடாரத்தை இங்கே வாங்கினாலும் இரவல் வாங்கினாலும், தெரிந்தவர் தோப்பில் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் போட்டுப் பிரித்துப் பழகுங்கள். வீட்டு வளவு முற்றத்தில் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும், அந்தக் கல் தளத்தில் முளை இறங்காது. காட்டுக்குள் போய்ப் பழக வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் காட்டுப் பகுதியில் வனத்துறை அனுமதி இல்லாமல் மலையேறுவது சட்ட விரோதம். ஸ்காட்லாந்திலும் நெருப்பு மூட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். ஹைலாண்ட் என்ற அந்த மலைப்பகுதி மண்ணில் பெரும்பகுதி பீட் என்ற எரியக்கூடிய மண். மேலே அணைந்தது போல் இருக்கும், அடியில் கனன்றுகொண்டே போகும்.

குளிர்தான் நமக்குப் புதிது. பத்து டிகிரியில் மழையும் காற்றும் சேர்ந்தால் உறைபனியைவிட மோசமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். பருத்தி பனியன், ஜீன்ஸ் நனைந்தால் காயாது, அவற்றை அறையிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழைத் துணி, மேலே நல்ல மழைக்கோட்டு. ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு வெப்பநிலை போட்டிருக்கும், 'கம்ஃபர்ட்' என்று இருப்பதை மட்டும் பாருங்கள், 'லிமிட்' நமக்கானதல்ல. கீழே விரிக்கும் பாயில் கஞ்சத்தனம் கூடாது, தரைதான் அதிகக் குளிரை ஏற்றும். கூட வருபவர் நடுங்கி, நாக்குக் குழறி, தடுமாறி நடந்தால் அது சோம்பல் அல்ல, ஆபத்தின் அடையாளம். உடனே நின்று காய்ந்த உடையும் சூடான பானமும் கொடுங்கள். எவ்வளவு மழையானாலும் கூடாரத்தை மூடிக்கொண்டு உள்ளே அடுப்பு மூட்டக் கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. நடை முடிந்ததும் கால், முழங்கால் மடிப்பு, இடுப்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். லைம் என்ற பாக்டீரியா நோய் அதன் வழியாகத்தான் வரும்.

அடுப்புக்கான கேஸ் டப்பாவை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது, அங்கே மலைச்சாமான் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்பத்தா கட்டிக்கொடுக்கும் நெய் ஜாடியும் வேண்டாம், பால் பொருளும் இறைச்சியும் தனிப்பட்ட பையில் அங்கே கொண்டுபோகத் தடை. பருப்புப் பொடியும் அவலும் மலைக்குக் கச்சிதம். அவலுக்கு வெந்நீர் ஊற்றி மூடினால் போதும், அரிசி வேகவைத்துக் கேஸை வீணாக்க வேண்டாம்.

வரைபடத்துக்குப் போனை மட்டும் நம்பாதீர்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். அங்குள்ள அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் தாள் வரைபடமும் திசைகாட்டியும் வாங்கி, குளிர்காலப் பகல் நடைகளில் பழகுங்கள். ஏவிமோர் பக்கம் உள்ள கிளென்மோர் லாட்ஜ் என்ற தேசியப் பயிற்சி மையத்தில் வழிகாணும் வகுப்புகள் நடக்கின்றன. வானிலைக்கு, ஊருக்கான முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு மலைக்குப் போகக் கூடாது. பிரிட்டன் வானிலைத் துறையான மெட் ஆபீஸ் மலைகளுக்கென்று தனியாக ஒன்று வெளியிடுகிறது, அதில் காற்றின் வேகத்தை முதலில் பாருங்கள்.

முதல் இரவுக்கு ஒரு வழி சொல்கிறேன். கிளாஸ்கோ ஓரத்தில் இருந்து ஃபோர்ட் வில்லியம் வரை 154 கி.மீ. போகும் வெஸ்ட் ஹைலாண்ட் வே பாதையில் ஒரு துண்டு மட்டும். கிளாஸ்கோவில் இருந்து ரயிலில் டைண்ட்ரம் இறங்கி, பழைய ராணுவச் சாலையில் பிரிட்ஜ் ஆஃப் ஆர்கி வரை சுமார் 11 கி.மீ. நடந்து, இன்னும் ஐந்து கி.மீ. தள்ளி இன்வெரோரன் பக்கம் ஆற்றோரப் புல்தரையில் தங்கலாம். மறுநாள் காலை பிரிட்ஜ் ஆஃப் ஆர்கிக்குத் திரும்பினால் அங்கேயே ரயில் நிலையம். வழி தவறுவது கடினம், பெரும்பாலும் தண்டவாளம் பக்கத்திலேயே வரும், கஷ்டமானால் பாதியில் விட்டுவிட்டு வரலாம். அனுமதிப் பகுதிக்கும் வெளியே. நாளைக்குச் சில ரயில்தான், ஞாயிறு இன்னும் குறைவு, அதனால் திரும்பும் ரயிலை முடிவு செய்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள். கூட்டத்தில் யார் மெதுவோ அவர் நடைக்குத்தான் கணக்கு.

கடைசியாக அம்மா. அவருக்குச் சமாதானம் சொல்வதைவிட ஒரு ஏற்பாடு செய்துகொடுப்பது மேல். மலைக்கு வராத ஒருவர், கிளாஸ்கோவிலேயே இருப்பவர், உங்கள் திட்டத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும்: யார் யார், போன் எண்கள், எந்த வழி, எங்கே கூடாரம், அதன் நிறம், திரும்பும் ரயில், எத்தனை மணிக்கு மேல் தகவல் இல்லாவிட்டால் போலீசை அழைப்பது. இந்தப் பொறுப்பை அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள். காரைக்குடியில் இருந்து 999 அடித்தால் அங்கே போகாது. கோடையில் உங்களுக்கு மாலை ஆறு என்றால் அவருக்கு இரவு பத்தரை, சிக்னல் இல்லாத ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கு விடிய விடிய நீளும். அந்தக் கிளாஸ்கோ ஆளின் எண்ணை அம்மாவிடம் கொடுங்கள், அவர் எண்ணை அந்த ஆளிடம் கொடுங்கள், புறப்படும் முன் இருவரையும் ஒருமுறை பேச வையுங்கள். நீங்கள் திரும்புவதாகச் சொல்லும் நேரத்தில் மூன்று மணி நேரம் கூட்டிச் சொல்லுங்கள். மலையில் ஆபத்து என்றால் 999 அழைத்து முதலில் போலீஸ், அப்புறம் மலை மீட்பு என்று கேட்க வேண்டும். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், பணம் வாங்க மாட்டார்கள். பேச முடியாத அளவு சிக்னல் என்றால் குறுஞ்செய்தியும் அனுப்பலாம், அதற்கு முன்பே 999-க்கு 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை அனுப்பிப் பதிந்திருக்க வேண்டும். அங்கே சிம் கார்டு வாங்கிய அன்றே அதைச் செய்துவிடுங்கள்.