சுவருக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர்

கேள்வி: கோத்தகிரி பக்கம் சரிவில் எங்கள் வீடு. ரோட்டு மட்டத்துக்குக் கீழே ஒரு அறை, அதன் பின்சுவர் முழுக்க மண்ணுக்குள் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை வந்தால் சுவர் ஓதம் அடித்து பெயிண்ட் பொரிந்து விழுகிறது. உள்ளே இரண்டு முறை வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்தாயிற்று. இந்த முறை வேறு கம்பெனி பெயிண்ட் அடித்துப் பார்க்கலாமா?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: வேண்டாம் அம்மா, அந்தப் பணத்தை அப்படியே எடுத்து வையுங்கள். எந்தக் கம்பெனி பெயிண்ட்டாக இருந்தாலும் இதே கதைதான். நம் மலையின் செம்மண் களி கலந்தது, குடித்த தண்ணீரைச் சீக்கிரம் விடாது; மழை நின்று ஒரு வாரம் ஆன பிறகும் சுவர் கசிவது அதனால்தான். சுவருக்குப் பின்னால் 2 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 2 டன் அழுத்தம் விழும். பின்னாலிருந்து அப்படித் தள்ளும்போது உள்ளே அடித்த பெயிண்ட் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கும்? பொரிந்த இடத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள், மாவு மாதிரி வெள்ளையாக வரும். தண்ணீர் சிமெண்ட்டிலும் செங்கல்லிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து இந்தப் பக்கம் காய்கிறது என்று அர்த்தம்.

முதலில் கூரையைப் பாருங்கள். மேட்டுப் பக்கம் தகரத்திலிருந்து விழும் தண்ணீர் நேராகச் சுவரோரத்தில் இறங்கினால் வேறு என்ன செய்தும் பயனில்லை. அதைக் குழாயில் பிடித்து வீட்டைத் தாண்டி விடுங்கள், மேலே சரிவிலிருந்து வரும் தண்ணீரைத் திருப்ப ஒரு சிமெண்ட் வாய்க்கால் போடுங்கள். பல வீடுகளில் இந்த இரண்டிலேயே பாதிக் கசிவு நின்றுவிடும்.

அதற்கும் நிற்கவில்லை என்றால் சுவருக்கு வெளியேதான் வேலை. அஸ்திவார மட்டம் வரை தோண்டி, சுவரைக் கழுவிக் காயவிட்டு, வெளிப்பக்கம் சிமெண்ட் பூசி அதன்மேல் தார்ப் பூச்சு கொடுக்க வேண்டும். அடியில் ஓட்டை போட்ட பிவிசி பைப், 100 அடிக்கு 1 அடியாவது வாட்டம் இருக்க வேண்டும், அதைச் சுற்றி ஜல்லி, ஜல்லியைச் சுற்றி மண்ணை வடிகட்டும் ஜியோ துணி. துணியை மிச்சம் பிடிக்காதீர்கள், அது இல்லாவிட்டால் ஜல்லிக்குள் மண் புகுந்து கொஞ்ச வருஷத்தில் அடைத்துவிடும்.

தோண்டுவதில்தான் எனக்குப் பயம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியபோது குன்னூர், கோத்தகிரி பக்கமெல்லாம் சரிவு சரிவாக மண் இறங்கி எத்தனை உயிர் போனது என்பதை நாம் மறக்க முடியாது. அதனால் மாசி, பங்குனியில் காய்ந்த மண்ணில், ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து காட்டிய பிறகு, ஐந்தாறு அடி நீளமாகத் துண்டு துண்டாகத் தோண்டி மூடிக்கொண்டே போங்கள், முழுச் சுவரையும் ஒரே நேரத்தில் திறக்கவே கூடாது. பொக்லைன் வைப்பதென்றால் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அப்புறம், பைப்பின் வாய் கீழ்வீட்டுக்காரர் சுவரில் போய் முடியாமல் ஓடைக்கோ பொதுச் சாக்கடைக்கோ போகட்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுத் தாங்குசுவரில் சின்னச் சின்னக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அழுக்குத் தண்ணீர் வடிந்து வாசல் அசிங்கமாகிறது என்று ஒரு கொத்தனார் எல்லாவற்றையும் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார், நானும் சரி என்றுதான் சொன்னேன். அடுத்த மழையிலேயே சுவரின் நடுவில் விரிசல் விட்டது. கம்பியால் குத்தித் திறந்ததும் சேறும் தண்ணீருமாகப் பீய்ச்சி அடித்தது. உங்கள் வீட்டிலும் அப்படிக் குழாய்கள் இருந்தால் மழைக்கு முன்னால் ஒரு கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து வையுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் எங்கள் கீழ் அறையில் தண்ணீர் கசிவதாகத் தெரியவில்லை, ஆனால் பூஞ்சண வாடை போகவே மாட்டேன் என்கிறது. எதனால்?
- ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: ஒரு முழம் பாலித்தீன் ஷீட்டைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டின் வெளிப்பக்கம் நீர் முத்து நின்றால் அறைக் காற்றில் இருக்கும் ஈரம்தான் காரணம்: உள்ளே துணி காயப்போடாதீர்கள், பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், மூடுபனி ஏறும்போது ஜன்னலைச் சாத்தி வெயில் வந்ததும் திறந்துவிடுங்கள். ஷீட்டுக்கு உள்பக்கம் நனைந்திருந்தால் உங்களுக்கும் கோத்தகிரிக்குச் சொன்ன பதில்தான்.