ரோஸ் பௌல் போகிற தம்பிக்கு

புத்தாண்டு அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துப் பாசடீனாவில் நடக்கும் ரோஸ் பௌல் என்கிற கல்லூரி ஆட்டத்துக்கு மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார், அமெரிக்கன் ஃபுட்பால் துளியும் தெரியாது, போகலாமா, என்ன உடுத்துவது, விதிகளைப் படிக்க நல்ல வீடியோ உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, போங்கள். வீடியோவெல்லாம் வேண்டாம். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். முதல் நாளுக்கு இது போதும். மிச்சத்தைப் பக்கத்து இருக்கைக்காரர் நீங்கள் கேட்காமலேயே சொல்லித் தருவார்.

எனக்குக் கவலை குளிரைப் பற்றித்தான். கலிஃபோர்னியாவில் என்ன குளிர், சட்டை போதும் என்று யாராவது நம்மாள் சொல்வார், பாருங்கள். எனக்கும் அறையில் கூட இருந்த ஒரு புண்ணியவான் அப்படித்தான் சொல்லி அனுப்பினார். அவர் ஆபீஸ், வீடு, இந்தியன் கடை தவிர எங்கும் போனதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மைதானம் அரோயோ செக்கோ என்கிற பள்ளத்தாக்குக்குள் இருக்கிறது. ஆட்டம் தொடங்கும்போது வெயில் சுள்ளென்று அடிக்கும். ஐந்து மணிக்குள் சூரியன் இறங்கிவிடும், அப்புறம் குளிர் காலிலிருந்து ஏறும். மேற்குப் பக்க இருக்கை என்றால் நிழல் சீக்கிரமே வந்துவிடும். கிழக்குப் பக்கம் என்றால் கடைசி வரை வெயில் கண்ணைக் குத்தும். தொப்பியும் வேண்டும், தடித்த ஜாக்கெட்டும் வேண்டும்.

அடுத்தது பை. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பைதான் அனுமதி. லேப்டாப் பையோடு வந்து, வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு, கார் வரைக்கும் நடந்துபோன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். டிக்கெட் போனில்தான் வரும். அத்தனை கூட்டத்தில் நெட்வொர்க் திணறும், வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நண்பரையும் சேர்த்துக் கூட்டிப்போகலாமே என்று தோன்றினால், தெருவில் தாளை நீட்டி விற்பவனிடம் மட்டும் போகாதீர்கள்.

கார் எடுக்காதீர்கள். காலையில் ரோஜா ஊர்வலத்துக்காக கொலராடோ பௌலவார்டை அடைத்துவிடுவார்கள். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க முதல் நாள் இரவே வந்து படுத்துக் கிடப்பார்களே, அதே மாதிரி இங்கேயும் போர்வையோடு நடைபாதையில் இடம் பிடித்திருப்பார்கள். ஊர்வலம் 1890-லிருந்து நடக்கிறது, ஆட்டம் அதற்குப் பிறகு வந்ததுதான். மைதானத்தை ஒட்டிய கோல்ஃப் புல்வெளியில்தான் காரை நிறுத்தச் சொல்வார்கள். போவது சுலபம், ஆட்டம் முடிந்து வெளியே வருவதற்குள் உயிர் போய்விடும். மெட்ரோ ஏ லைனில் மெமோரியல் பார்க்கில் இறங்கி ஷட்டில் பஸ் பிடியுங்கள்.

நான் பார்த்தது 2006-இல். அந்த வருடம் அது தேசிய சாம்பியன்ஷிப் ஆட்டம், அதனால் ஜனவரி 4, அதுவும் மாலையில். யு.எஸ்.சி. என்கிற சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் டெக்சாஸ் பல்கலைக்கழகமும். ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர் யு.எஸ்.சி.யில் படித்தவர், மனைவி வரமுடியாமல் போன டிக்கெட்டை எனக்குக் கொடுத்தார். அரைக்கைச் சட்டையில் நின்ற என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காரிலிருந்து கருஞ்சிவப்பு ஸ்வெட்ஷர்ட் ஒன்றை எடுத்துத் தூக்கிப் போட்டார். அன்றிலிருந்து நான் யு.எஸ்.சி. கட்சி, வேறு காரணம் எதுவும் கிடையாது. தொடர்ந்து 34 ஆட்டம் ஜெயித்து வந்த அணி, 38-33 என்று முன்னால் இருந்தது. டெக்சாஸுக்கு நான்காவது முயற்சி, ஐந்து கஜம் தேவை. அவர்கள் ஆட்டக்காரர் வின்ஸ் யங் யாருக்கும் பந்தை எறியாமல் தானே வலது மூலைக்கு ஓடினார். கடிகாரத்தில் 19 விநாடி மிச்சம். டெக்சாஸ் 41-38 என்று ஜெயித்துவிட்டது. எங்கள் ஆள் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, முன் வரிசையில் ஆரஞ்சு சட்டையில் அழுதுகொண்டிருந்த டெக்சாஸ் பெரியவரிடம் போய்க் கை கொடுத்தார். எதிராளியிடம் அப்படிப் போய் நிற்கிறவர்களை நம் கிரிக்கெட் மைதானங்களில் நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது அந்தப் பழைய சுவை குறைந்துவிட்டது. மிட்வெஸ்ட் பக்கத்து பிக் டென் என்கிற கல்லூரி லீக் அணிக்கும் பசிபிக் கரை அணிக்கும் என்றிருந்த ஆட்டம், இன்று பன்னிரண்டு அணி நாக்-அவுட்டில் ஒரு கட்டம். டிவி பணத்துக்காக 2024-இல் யு.எஸ்.சி.யே பிக் டென்னுக்குப் போய்விட்டது. கேட்டால் காலம் மாறுகிறது என்பார்கள்.

நம்மவர்கள் பலர் இடைவேளையிலேயே கிளம்பிவிடுவார்கள், டிராஃபிக்காம். இருபது வருடம் இங்கேயே இருந்துவிட்டு, இதெல்லாம் ஒரு ஆட்டமா என்பார்கள். அதே வாயால் வெள்ளைக்காரன் நம்மோடு ஒட்டமாட்டேன் என்கிறான் என்றும் சொல்வார்கள். அவர்களோடு சேர்ந்து நடுவில் எழுந்து வராதீர்கள். இடைவேளையில் இரண்டு கல்லூரி பேண்டும் இறங்கும். காசு வாங்காமல் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த பிள்ளைகள். சாப்பாட்டு வரிசையில் நின்று அதைத் தவறவிடாதீர்கள்.

புத்தாண்டு அன்று கோயிலுக்குப் போகாமல் எப்படி என்று வீட்டில் கேட்டால், மலிபு பெருமாளை 2-ஆம் தேதி போய்ப் பாருங்கள், கூட்டமும் குறைவாக இருக்கும். சம்பளம், கிரீன் கார்டு பற்றிக் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, அதற்கு வக்கீலைக் கேளுங்கள். மேனேஜருக்கு என்ன வாங்கிக்கொண்டு போவது என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். ஒன்றும் வேண்டாம், உள்ளே போனதும் இரண்டு பேருக்கும் சூடாக ஏதாவது வாங்கிக் கொடுங்கள்.