வாசகர் கேள்வி – பதில்: அங்குவிலா தீவும் டாட் ஏஐ முகவரியும்

கேள்வி: செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் இணைய முகவரிகள் பலவும் ‘டாட் ஏஐ’ என்று முடிகின்றன. இந்த முகவரி ஒரு சிறு தீவுக்குச் சொந்தமானது என்றும், அதனால் அந்தத் தீவின் அரசுக்குப் பெரும் வருவாய் வருகிறது என்றும் படித்தேன். இது எப்படி நேர்ந்தது?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். கிழக்குக் கரீபியனில் உள்ள அங்குவிலா, பிரிட்டனின் ஆளுகைக்கு உட்பட்ட, ஏறத்தாழ 16,000 பேர் வாழும் தீவு. நாடுகளுக்கும் ஆட்சிப் பகுதிகளுக்கும் ஈரெழுத்துக் குறியீடு வகுக்கும் ஐஎஸ்ஓ 3166 பட்டியலில் ஏ, ஐ என்ற எழுத்துகள் அதற்கு வாய்த்தன. அதற்கு முன்பு அவை ஆப்பிரிக்காவில் பிரான்சின் வசம் இருந்த அஃபார், இசா பகுதிக்கு உரியவை. 1977-இல் அப்பகுதி விடுதலை பெற்று ஜிபூட்டி ஆனபோது அதன் குறியீடும் மாறியது. இணைய முகவரிகளுக்கு ஒழுங்கு வகுத்தவர்கள், எது நாடு, எது நாடில்லை என்று தீர்ப்புச் சொல்வது தங்கள் வேலையன்று எனக் கருதி, இந்தப் பட்டியலையே எடுத்துக்கொண்டார்கள். டாட் ஏஐ அங்குவிலாவுக்கென 1995-இல் ஒதுக்கப்பட்டது.

செயற்கை நுண்ணறிவின் ஆங்கிலச் சுருக்கமும் ஏஐ என்பதால், 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளியானதும் இந்த முகவரிக்கான தேவை ஒரேயடியாக உயர்ந்தது. 2022-இல் சுமார் 1,44,000 ஆக இருந்த பதிவுகள், 2023 இறுதியில் சுமார் 3,54,000 ஆயின. 2023-இல் மட்டும் ஏறத்தாழ 3.2 கோடி அமெரிக்க டாலர் கிடைத்தது. அரசின் மொத்த வருவாயில் இது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு 2,000 டாலர் வருகிறது.

பணம் வரும் வழியையும் சொல்ல வேண்டும். ஒரு பெயரைக் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்குப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு அக்காலத்தில் தீவுக்குச் சேர்ந்த கட்டணம் 140 டாலர். தொழில் நடக்கும் வரை அந்த நிறுவனம் தன் பெயரைக் கைவிடாது என்பதால், 2023-இல் பதிந்தவர் 2025-இல் மறுபடியும் கட்டுகிறார். புதுப்பிக்காமல் விடப்பட்ட பெயர்கள் ஏலத்துக்குப் போவதால், அதிலும் வருவாய் உண்டு. சுற்றுலாவை நம்பி வாழும் தீவு இது. 2017 செப்டம்பரில் இர்மா சூறாவளி வீடுகளையும் விடுதிகளையும் சிதைத்துப் போட்டதை அங்குள்ளவர்கள் மறக்க மாட்டார்கள். புயல் அடித்தாலும் நிற்காத ஒரு வருவாய் அவர்களுக்கு எத்தகைய பலம் என்பதை, புயலுக்குப் பழகிய நம் கடலோர மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: பணம் அந்த மக்களுக்குத்தான் போகிறதா, அல்லது இடையில் இருக்கும் நிறுவனங்களுக்கா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், மன்னார்குடி

பதில்: எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான். அங்குவிலாவைப் பொறுத்தவரை பெரும்பங்கு அரசுக்கே போகிறது. 70 வயதுக்கு மேற்பட்டோருக்கு இலவச மருத்துவம், பள்ளிக் கட்டடம், தொழிற்பயிற்சி மையம், விமான நிலைய மேம்பாடு எனச் செலவிடுவதாக அரசு அறிவித்தது. பதிவு நிர்வாகத்துக்கென 2024 அக்டோபரில் ஐடென்டிட்டி டிஜிட்டல் என்ற அமெரிக்க நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டபோதும் வருவாயின் பெரும்பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

எல்லோருக்கும் இப்படி அமையவில்லை. பசிபிக்கில் உள்ள துவாலு, தொலைக்காட்சியை நினைவூட்டும் டாட் டிவி முகவரியை விற்கும் உரிமையை, 12 ஆண்டுகளில் 5 கோடி டாலர் என்ற கணக்கில் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்குக் கொடுத்தது. 2000-இல் ஐக்கிய நாடுகள் அவையில் உறுப்பினராவதற்கான செலவை ஏற்க அந்தப் பணம் உதவியது. ஆனால் இணையக் காணொளி பெருகுவதற்கு முன்பே உரிமையைத் தொகை பேசிக் கொடுத்துவிட்டதால், பின்னால் வந்த பெருக்கத்தில் தீவுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

டாட் ஐஓ கதை இதைவிடக் கொடியது. மென்பொருள் நிறுவனங்கள் விரும்பி வாங்கும் இந்த எழுத்துகள், பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதியான சாகோஸ் தீவுகளுக்கு உரியவை. டியகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைப்பதற்காக, 1968 முதல் 1973 வரை அத்தீவுகளின் மக்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்டு மொரிஷியஸிலும் செஷல்ஸிலும் விடப்பட்டார்கள். முகவரியைத் தனியார் நிறுவனங்கள் விற்றுவந்தன. சாகோஸ் மக்களோ தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று முறையிட வேண்டியதாயிற்று. ஈரெழுத்து முகவரியை நிர்வகிப்பவர் அந்தந்த மக்களுக்கான அறங்காவலர் என்று இணைய விதி 1994-லேயே எழுதி வைத்திருக்கிறது. ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களின் பெயரில் வரும் பணத்துக்கும் அந்த விதி பொருந்தியே ஆக வேண்டும்.

கேள்வி: சிறு மென்பொருள் நிறுவனம் தொடங்கப் போகிறேன். டாட் ஏஐ வாங்கலாமா, டாட் ஐஓ வாங்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: உங்கள் தொழில் செயற்கை நுண்ணறிவு சார்ந்ததாக இருந்தால் டாட் ஏஐ வாங்கலாம். கூகுள் தேடலில் அங்குவிலாவுக்கு மட்டும் உரிய தளமாக அது ஒதுக்கப்படுவதில்லை. ஆனால் டாட் காம், டாட் இன் ஆகியவற்றைவிடச் செலவு பல மடங்கு. புதுப்பிக்கும் கட்டணத்தையும் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

டாட் ஐஓ வேறு வகை. சாகோஸ் தீவுகளின் இறையாண்மையை மொரிஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் 2025 மே மாதம் கையெழுத்திட்டது. அது நிறைவேறி, ஐஎஸ்ஓ பட்டியலிலிருந்து அந்தக் குறியீடு நீக்கப்பட்டால் முகவரியின் நிலையும் கேள்விக்குள்ளாகும். யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யூ 2010-இல் நீக்கப்பட்டது. சோவியத் ஒன்றியம் கலைந்த பின்னும் அதன் டாட் எஸ்யூ நீடித்தது. ஒரே இரவில் உங்கள் தளம் மறைந்துவிடாது. ஆயினும் புதிதாகத் தொடங்குபவர் இந்தச் சுமையை ஏற்க வேண்டியதில்லை. எதை வாங்கினாலும், வடிவமைப்பாளர் பெயரில் அல்லாமல் உங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே பதிவு செய்து, புதுப்பிக்கும் நாளைக் கணக்கரிடமும் எழுதிக் கொடுத்துவையுங்கள்.