தாத்தா எங்கே? – கடிதம்

அன்புள்ள ஐயா,

மும்பை செம்பூரில் இருக்கிறேன். ஆகஸ்டில் அப்பா தவறிவிட்டார். நாங்கள் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), கணவர் வீட்டில் பெந்தெகொஸ்தே சபை. முப்பதாம் நாள் பூசைக்கு எழுதிக் கொடுக்கக் கிளம்பியபோது மாமனார் தடுத்தார். "மரித்தவர்களுக்காக ஜெபிப்பது வேதத்தில் இல்லை, போகவேண்டிய இடத்துக்கு அவர் அன்றைக்கே போயாச்சு" என்றார். சித்தப்பா விடவில்லை. "மோட்சத்துக்குப் போகுமுன் பாவக்கறை கழிகிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கிறவனுக்கு நாம் செபிக்காமல் யார் செபிப்பது?" என்று சண்டைக்குப் போய்விட்டார். செத்துப் பிழைத்து மோட்சத்தைப் பார்த்தவர்களின் வீடியோக்களை வேறு சொந்தக்காரர்கள் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அப்பாவை எரித்தோம், அதில் ஏதாவது குறை உண்டா? ஏழு வயது மகள் "தாத்தா இப்போ எங்கே?" என்று கேட்கிறாள். எது சரியான பதில்?

ரெ.

அன்புள்ள ரெ.,

வீடியோக்களை அழித்துவிடுங்கள். பிழைத்து வந்தவர் சாகவில்லை, அவ்வளவுதான் விஷயம். எரித்ததில் குறை ஒன்றும் இல்லை. ரோம் 1963-லேயே அனுமதித்துவிட்டது. சாம்பலைத் தூவாமல் புனிதமான ஓரிடத்தில் வையுங்கள் என்று 2016-ல் சொன்னது, அதை மட்டும் கவனியுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் அம்மாவின் பழைய செபப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் வருகிறதே. இல்லாவிட்டால் பதில் எழுதியிருப்பேனா, தெரியாது.

முதலில் திட்டிவிடுகிறேன். துக்க வீட்டில் இரண்டு பெரிய மனிதர்கள் இறந்தவரின் விலாசத்துக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். நீங்கள் அவர்களை வாயை மூடச் சொல்லாமல், யார் ஜெயித்தது என்று என்னிடம் கேட்கிறீர்கள். அவர்களுக்கு இருக்கிற நிச்சயம் ஒரு பாப்பரசருக்கே இருந்ததில்லை அம்மா. இருபத்திரண்டாம் யோவான் என்று ஒருவர். பரிசுத்தவான்களின் ஆத்துமாக்கள்கூடக் கடைசித் தீர்ப்புவரை கடவுளை முகமுகமாய்ப் பார்க்க முடியாது என்று பிரசங்கம் வைத்தார். பெரிய ரகளை ஆகிவிட்டது. 1334-ல் மரணப் படுக்கையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அடுத்து வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336-ல்தான், சுத்தமான ஆத்துமா உடனே பார்க்கும், சுத்திகரிப்பு பாக்கி இருந்தால் அது முடிந்ததும் பார்க்கும் என்று எழுதி வைத்தார். கிறிஸ்தவம் பிறந்து பதின்மூன்று நூற்றாண்டு கழித்து! உங்கள் சித்தப்பா மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டார்.

மாமனாரும் பொய் சொல்லவில்லை. அவர் புத்தகத்தில் இல்லைதான். எங்கள் வீட்டில் இரண்டு வேதாகமம் இருந்தது. அப்பா திருநெல்வேலி சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபை, அம்மா தூத்துக்குடி ஆர்.சி. அம்மாவுடையது தடிமனாக இருக்கும். போரில் செத்த வீரர்களின் பாவத்துக்காக யூதத் தளபதி யூதா மக்கபே பணம் திரட்டி எருசலேமுக்குப் பலி கொடுக்க அனுப்பியது அதில் இருக்கிறது, மக்கபேயர் இரண்டாம் புத்தகம், 12-ம் அதிகாரம். அப்பாவின் புத்தகத்தில் மக்கபேயரே கிடையாது. ஆனால் அப்பா பக்கத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. தாராவியில் சாவு போஸ்டரைப் பாருங்கள்: "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." வேதத்தில் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய கடிதத்திலிருந்து வந்த சொல். அன்று மாலை ஆராதனையிலோ அதே மனிதர் பரதீசில் ஆண்டவரோடு இருக்கிறார் என்பார்கள். சுவரில் தூங்குகிறார், பிரசங்கத்தில் விழித்திருக்கிறார். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபைக்காரர்கள் மாதிரி சிலர்தான் தூக்கம் என்றால் தூக்கம் என்று நிற்கிறார்கள். சித்தப்பாவிடமும் ஒன்று கேளுங்கள். அவர் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் "சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்" என்று வருகிறது. உத்தரிக்கிற ஸ்தலம் வருகிறதா? ஆத்துமா எந்த ஊரில் தங்கியிருக்கிறது என்று அந்தச் செபம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த உடம்பு எழும் என்றுதான் அடித்துச் சொல்கிறது. நம் ஆட்கள் அதை மட்டும் வாயால் சொல்லிவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

உடம்பு என்றதும் ஆச்சி ஞாபகம். அம்மாவின் அம்மா. சாகும்போது "என்னத் தூத்துக்குடிக்குக் கொண்டு போயிருங்க" என்றாள். ரயிலில் இரண்டு நாள், கையில் பணமும் கிடையாது. சிவ்ரி கல்லறையில் அடக்கம் செய்தோம். பம்பாயில் குழி நிரந்தரம் இல்லை, உங்களுக்கே தெரியும். சில வருடம் கழித்து வேறொருவருக்காக அதைத் திறந்தார்கள். எலும்புகளைப் பொறுக்கிச் சுவரில் ஒரு மாடத்துக்குள் வைத்துக் கல்லால் மூடினார்கள். செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. எனக்குப் பதினொரு வயது. "ஆச்சி இதுக்குள்ளயா இருக்கா?" என்று கேட்டேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "எலும்புதாம்ல இங்க கெடக்கு. ஆச்சி ஊருக்குப் போயிருப்பா."

மோட்சம், நரகம், உத்தரிக்கிற ஸ்தலம், தூத்துக்குடி. எந்த சாமியாரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார். புனித அகுஸ்தினாரின் அம்மா மோனிக்காவும் ஊரை விட்டு வந்தவள்தான். ஆப்பிரிக்காவில் கணவன் பக்கத்தில் கல்லறைக்கு இடம் பார்த்து வைத்திருந்தவள், 387-ல் இத்தாலியில் ஒஸ்தியா துறைமுகத்தில் படுத்துவிட்டாள். உடம்பை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்றாள். அந்நிய மண்ணில் கிடக்கப் பயமில்லையா என்று கேட்டவர்களிடம், கடவுளுக்கு எதுவும் தூரமில்லை என்றாள். மகன் பிறகு அவளுக்காகச் செபித்துச் செபித்து எழுதியிருக்கிறார். அந்தப் பக்குவம் ஆச்சிக்கு வரவில்லை. அம்மாவுக்கும் வரவில்லை. எனக்கு வந்ததா என்று கேட்காதீர்கள்.

பூசைக்கு எழுதிக் கொடுங்கள், முப்பது நாள் தாண்டினால் என்ன.

அப்பா கல்லறைத் திருநாளன்று உள்ளே வரமாட்டார். வெளியே டீக்கடையில் நிற்பார். செத்தவர்களுக்கு ஜெபம் கிடையாது என்பதில் அவ்வளவு உறுதி. அம்மா இறந்த வருடம்தான் அப்பா முதல் தடவையாக உள்ளே வந்தார். கடல் காற்று, மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து போனது. அப்பா குனிந்து இரண்டு கையாலும் மறைத்துப் பிடித்துக்கொண்டார். உதடு அசைகிற மாதிரி இருந்தது. "ஜெபிக்கீங்களாப்பா?" என்றேன்.

"இல்லல. காத்து அடிக்கில்லா" என்றார். மெழுகு அடிவரை எரிந்து முடிகிறவரை கையை எடுக்கவில்லை.