குமிழ் மருந்துக்கு அஞ்சி மகளின் படிப்பைத் தடுக்க வேண்டுமா?

மண்டபத்திலிருந்து எழுதியுள்ள தந்தைக்கு வணக்கம்.

தங்கள் மகள் கதிரியக்கப் படமெடுப்புத் தொழில்நுட்பம் படிக்க விரும்புவதையும், ஸ்கேன் எடுக்கும்போது சிலருக்கு இரத்தத்தில் வாயுக் குமிழ்களைச் செலுத்துவார்கள் என்று கேள்விப்பட்ட நாள்முதல் தாங்கள் அமைதியிழந்திருப்பதையும் கடிதத்தில் படித்தேன். சங்கு குளிப்பவர்கள் வாழும் கரையில் இந்த அச்சம் தோன்றுவது இயல்பே. கம்ப்ரசர் காற்றைச் சுவாசித்து ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு விரைந்து மேலேறுபவரின் உடலில் நைட்ரஜன் குமிழ்களாகப் பிரிந்து, மூட்டுகளையும் நரம்புகளையும் முடக்கிவிடும். ஆனால் ஒலியலைகளால் உடலின் உட்பகுதியைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில், படம் தெளிவாகத் தெரிவதற்காகச் செலுத்தும் குமிழ்கள் அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல.

அவற்றுள் பெரும்பாலானவை இரத்தச் சிவப்பணுவைவிடச் சிறியவை. ஆகவே மிக நுண்ணிய இரத்தக் குழாய்களிலும் அடைபடாமல் செல்கின்றன. கொழுப்பாலோ புரதத்தாலோ ஆன மெல்லிய உறைக்குள், இரத்தத்தில் எளிதில் கரையாத சல்பர் ஹெக்ஸாபுளோரைடு போன்ற வாயு இருக்கும். கல்லீரல் பரிசோதனைக்கு வழக்கமாகச் செலுத்தப்படும் 2.4 மில்லிலிட்டர் சல்பர் ஹெக்ஸாபுளோரைடு மருந்தில் உள்ள வாயுவின் மொத்த அளவு ஒரு துளி நீரின் பாதிகூட இராது. உறை கரைந்ததும் அந்த வாயு நுரையீரல் வழியே மூச்சோடு சில நிமிடங்களில் வெளியேறிவிடுகிறது. சி.டி. ஸ்கேனுக்குத் தரப்படும் அயோடின் மருந்தைப் போலச் சிறுநீரகத்தின் வழியே இது வெளியேற வேண்டியதில்லை என்பதால், சிறுநீரகம் பழுதான நோயாளிகளுக்கு இது பெரும் உதவியாக இருக்கிறது.

இதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2007ஆம் ஆண்டில், மருந்து செலுத்திய சிறிது நேரத்தில் நேர்ந்த சில மரணங்களைக் கண்டு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இம்மருந்துகளின் மீது மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. இறந்தவர்களில் பலர் ஏற்கெனவே கடுமையாக நோயுற்றிருந்தவர்கள் என்பது கருதப்பட்டு, அந்த எச்சரிக்கையில் இருந்த தடைகள் சில 2008இல் தளர்த்தப்பட்டன. பின்னர் பெருமளவில் நடந்த ஆய்வுகள், மருந்து பெற்றவர்களிடையே மரணம் கூடுதலாக இருப்பதாகக் காட்டவில்லை. இருப்பினும், அரிதாகக் கடுமையான ஒவ்வாமை ஏற்படக்கூடும். அது பெரும்பாலும் முதல் 30 நிமிடங்களுக்குள் தெரிந்துவிடும். சில வகைக் குமிழ்களின் உறையில் உள்ள பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் வேதிப்பொருள் குடலைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் மருந்துகளிலும் இருப்பதால், அதற்கு ஒவ்வாமை உண்டா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும் என 2021இல் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. தங்கள் மகள் செய்யப்போகும் வேலையின் சாரம் இங்குதான் இருக்கிறது: நோயாளியிடம் இந்தக் கேள்வியைத் தவறாமல் கேட்பது, மருந்து ஏறிய பின் அவர் முகத்தையும் மூச்சையும் கவனிப்பது, அவசர மருந்துகள் கைக்கெட்டும் இடத்தில் உள்ளனவா என்று பார்ப்பது. ஊசியின் ஆபத்து நோயாளியைச் சார்ந்தது; அருகில் நிற்கும் பணியாளரைச் சார்ந்தது அல்ல. அல்ட்ராசவுண்டில் எக்ஸ்ரே கதிர்வீச்சும் கிடையாது.

ஆகவே, மகளின் விருப்பத்துக்கு இந்த அச்சம் தடையாக இருக்க வேண்டாம். ஆனால் தாங்கள் எழுதாத ஒரு செய்தியைத் தாங்கள் அறிந்திருக்க வேண்டும் என நினைக்கிறேன். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அல்ட்ராசவுண்ட் பரிசோதனையைப் பதிவு பெற்ற மையத்தில் தகுதியுள்ள மருத்துவரே செய்ய வேண்டும். எனவே பி.எஸ்சி. முடித்தவுடன் மகள் தானாகவே வயிற்று ஸ்கேன் எடுப்பார் என்று எண்ணிச் சேர்க்காதீர்கள். அந்தப் பட்டதாரிகளின் அன்றாடப் பணி எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகியவற்றில்தான். அங்கும் படத்தைத் தெளிவாக்கச் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்துகள் உண்டு. அங்கும் ஒவ்வாமை உண்டு. ஆகவே மேலே சொன்ன விழிப்பு வீணாகாது. குமிழ் மருந்தோடு நேரடியாகப் பழக விரும்பினால் இதயத் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு இன்னும் பொருத்தம். அதில் இதயநோய் மருத்துவரின் மேற்பார்வையில் எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட், எடுக்கப் பயில்கிறார்கள். இதயத்தின் இடது கீழறை தெளிவாகத் தெரியாதபோது இம்மருந்தே துணை செய்கிறது. ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் மருத்துவராக அமர வேண்டும் என்பது அவர் கனவானால், நீட் எழுதி எம்.பி.பி.எஸ். முடித்து, கதிரியக்கவியலில் மூன்றாண்டு எம்.டி. படிக்க வேண்டும், அதற்கான காலத்தையும் செலவையும் இப்போதே குடும்பத்தோடு கணக்கிடுங்கள்.

தனியார் நிறுவனம் எதையும் அணுகும்போது, கட்டிடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வழங்கப்படுகிறது, பயிற்சிக் காலம் எந்த மருத்துவமனையில், அங்கு சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் நாள்தோறும் இயங்குகின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள். நம் இராமநாதபுரம் மாவட்டத்திலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. முன்கூட்டியே அனுமதி கேட்டு, அதன் கதிரியக்கத் துறையில் பணிபுரியும் தொழில்நுட்பர் ஒருவரோடு மகளை அரைமணி நேரம் பேச வையுங்கள். நோயாளியைத் தொட்டுத் திருப்பிப் படுக்க வைக்கும் வேலையும் இரவுப் பணியும் அவருக்கு ஏற்குமா என்பதை மகளே அப்போது சொல்லிவிடுவார். அதன்பின் கலந்தாய்வில் கல்லூரிகளை எந்த வரிசையில் தருவது என்று நாம் முடிவு செய்யலாம்.