மூன்று நாளாக நகராத ஜொப்

கேள்வி: கொட்டியாரக் குடாவின் அலைகளைக் கணிக்கும் மொடல் ஒன்றை வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கிளஸ்டரில் (பலர் பகிரும் கணினித் தொகுதி) ஓட்டுகிறேன். 4 நோட் (அதிலுள்ள கணினிகள்), 7 நாள் கேட்டுப் போட்ட ஜொப் (ஓட்டக் கொடுத்த வேலை) மூன்று நாளாக 'பிடி' (PD, காத்திருப்பு) என்றே நிற்கிறது. எனக்குப் பிந்திப் போட்டவர்களுடையது ஓடுகிறது. காசு தந்தால் தன் கணக்கில் உடனே ஓட்டித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? (மாணவி, உப்புவெளி)

பதில்: கொடுக்காதீர்கள். இப்படிப்பட்டவர்கள் முதலில் காசு, அப்புறம் 'ஒருக்கா பார்த்துத் தாறன்' என்று உங்கள் பாஸ்வேர்டையும் கேட்பார்கள். கணக்கைக் கைமாற்றியது தெரிந்தால் பூட்டப்படுவது உங்கள் கணக்கு. மேற்பார்வையாளருக்குப் பதில் சொல்லப்போவதும் நீங்கள்தான், அவர் அல்ல.

பிந்தியவர் முந்துவதில் களவு எதுவும் இல்லை. கல்யாண மண்டபத்தை ஒரு கிழமைக்குக் கேட்டால் காத்திருக்கத்தான் வேண்டும். ஒரு காலைப்பொழுது மட்டும் கேட்பவருக்கு இடையில் இடம் கிடைத்துவிடும். கிளஸ்டரின் வரிசையைக் கவனிக்கும் ஸ்லர்ம் மென்பொருளும் அப்படித்தான் இடைவெளிகளில் சின்ன ஜொப்களைச் சொருகுகிறது.

உங்களுக்கு உண்மையில் 7 நாள் வேண்டுமா? பழைய ஓட்டத்தின் கணக்கை 'எஸ்அக்ட்' கட்டளையில் பாருங்கள். 30 மணித்தியாலத்தில் முடிந்திருந்தால் 2 நாள் போதும். நேரம் முடிந்தால் ஸ்லர்ம் ஜொப்பை நிறுத்திவிடும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள். தயவுசெய்து ஜொப்பை அழித்துவிட்டு மறுபடி போடாதீர்கள்! காத்திருந்த மூன்று நாளும் வீண். வரிசையின் கடைசிக்குப் போவீர்கள். 'எஸ்கொன்ட்ரோல் அப்டேட்' என்று கொடுத்து நிற்கிற ஜொப்பின் நேரத்தையே குறைக்கலாம். குறைக்க உங்களுக்கு அனுமதி உண்டு, கூட்டத்தான் இல்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வரிசையைப் பார்க்கும் 'எஸ்கியூ' கட்டளை காட்டும் வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் காரணம் இருக்கும். 'ரிசோர்சஸ்' (நோட் இன்னும் காலியில்லை), 'பிரையோரிட்டி' (முன்னுரிமை கூடியவை முன்னால் நிற்கின்றன) என்றால் பொறுமை போதும். 'டிபென்டன்சி நெவர் சாட்டிஸ்பைட்' என்றிருந்தால் கதை வேறு. முதல் ஜொப் முடிந்த பிறகுதான் இரண்டாவது ஓட வேண்டும் என்று கட்டியிருப்பீர்கள், முதலாவது பிழையில் நின்றுபோயிருக்கும். இது மூன்று நாள் அல்ல, மூன்று மாதம் நின்றாலும் ஓடாது. அதே 'பிடி'தான் காட்டும், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதலாவதைத் திருத்திப் போட்டு, இரண்டாவதை அழித்துப் புதிதாகக் கட்டுங்கள். அழிக்கலாம் என்று நான் சொல்வது இந்த ஒன்றுக்கு மட்டும்தான்.

உதவிப் பிரிவுக்கு எழுதுவதானால் ஜொப் எண்ணையும் அந்தக் காரணத்தையும் முதல் வரியிலேயே போடுங்கள். இல்லாவிட்டால் கையேட்டின் இணைப்பை அனுப்பிவிட்டு 'பிரச்சினை தீர்ந்தது' என்று மூடிவிடுவார்கள். எனக்கு இரண்டு தடவை அப்படித்தான் நடந்தது.