வாஃபிள் வாசனையும் ஐரோப்பியக் கோப்பையும்

அன்பின் ஐயா,

நார்வேயின் பெண்கள் ஹேண்ட்பால் கழகமான வைப்பர்ஸ் கிறிஸ்டியான்சாண்ட் திவாலானது பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் ஒஸ்லோவில் வசிக்கிறேன். ஒன்பது வயது மகள் எங்கள் பகுதிக் கழகத்தில், பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் இந்த ஹேண்ட்பாலை விளையாடுகிறாள். புள்ளிப் பட்டியல் கிடையாது. யார் முதலிடம் என்று கேட்டால் பயிற்சியாளர் சிரிக்கிறார். அவரும் சம்பளம் வாங்காத ஒரு தகப்பன்தான். போன மாதம் கழகத்துக்காக வீடு வீடாகப் போய் டொய்லெட் பேப்பர் விற்றேன். இந்த ஞாயிறு வாஃபிள் சுட வேண்டுமாம். இப்படி நடத்தினால் திறமையுள்ள பிள்ளைகள் எப்படி மேலே வருவார்கள்? வைப்பர்ஸே நிலைக்காதபோது இந்தச் சின்னக் கழகங்களுக்கு என்ன எதிர்காலம்?

ஒரு வாசகி, ஒஸ்லோ

அன்புள்ள சகோதரிக்கு,

பெரியதே விழுந்துவிட்டது, சிறியது எம்மாத்திரம் என்று கேட்கிறீர்கள். எனக்கு அது நேர்மாறாகத் தோன்றுகிறது. வைப்பர்ஸ் 2021, 2022, 2023 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, ஐரோப்பாவின் தலைசிறந்த கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றது. 2025 ஜனவரியில் திவாலானது. வென்றுகொண்டே இருந்தும் கடன் அதை விழுங்கிவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு நினைவுக்கு வந்தது உங்கள் ஊரின் தென்கிழக்கில் இருக்கும் பெக்கலாகே கழகம்தான்.

1909இல் தொடங்கிய கழகம் அது. கால்பந்து, பனிச்சறுக்கு, ஹேண்ட்பால் எனப் பல விளையாட்டுகள் அங்கே ஒரே பெயரின் கீழ் நடக்கின்றன. 1998, 1999 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தத்தம் நாட்டுக் கோப்பையை வென்ற கழகங்கள் மோதும் ஐரோப்பியக் கோப்பையை அதன் பெண்கள் ஹேண்ட்பால் அணி வென்றது. தேசிய அணியின் தலைவியாக இருந்த சூசன் கொக்ஸோர் பியர்க்ரைம், தேசிய அணிக்காக ஆயிரத்துக்கும் மேல் கோல் போட்ட ஷெர்ஸ்டி கிரீனி ஆகியோர் அந்தச் சட்டையை அணிந்து ஆடியவர்கள். ஒரு குடியிருப்புப் பகுதியின் கழகம் இதைச் செய்தது.

இதே கழகம்தான் 1972 முதல் ஏகெபெர்க் திடலில் நோர்வே கப் என்ற சிறுவர் கால்பந்துத் திருவிழாவை நடத்திவருகிறது. கோடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் வந்து குவிகின்றன. வெளியூர்ப் பிள்ளைகள் பள்ளி வகுப்பறைகளில் பாய் விரித்துத் தூங்குகிறார்கள். முதல் ஆண்டே பெண்களும் அதில் ஆடினார்கள். நார்வே கால்பந்துச் சங்கம் பெண்கள் கால்பந்தை முறையாக ஏற்றுக்கொள்ள மேலும் சில ஆண்டுகள் ஆயின என்பதை நினைத்துப் பாருங்கள். சங்கம் தயங்கி நின்ற இடத்தில் ஒரு பகுதிக் கழகம் கதவைத் திறந்துவிட்டது. என்னைப் பொறுத்தவரை அந்த இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளைவிட இதுவே அதன் பெரிய சாதனை.

ஹேண்ட்பால் அணிக்கும் நோர்வே கப்புக்கும் நடுவே ஒரு மனிதர் நிற்கிறார்: ஃப்ரூடே ஷீவோக். பெக்கலாகே பெண்கள் ஹேண்ட்பால் அணியின் பயிற்சியாளராகவும் நோர்வே கப்பின் பொதுச் செயலாளராகவும் இருந்தவர் அவர். பந்தை எப்படி எறிவது என்று சொல்லிக்கொடுத்தவருக்கே ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறும் படுக்கையும் ஏற்பாடு செய்யும் கவலையும் இருந்தது. பல விளையாட்டுக் கழகம் என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது அவரைப் பற்றிப் படித்தபோதுதான்.

இப்போது உங்கள் மகளிடம் வருகிறேன். பதினொரு வயதுக்கு முன் புள்ளிப் பட்டியல் கூடாது, பதின்மூன்றுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் போட்டி கூடாது என்பது உங்கள் பயிற்சியாளரின் சோம்பல் அல்ல. நார்வே விளையாட்டுச் சம்மேளனம் குழந்தைகளுக்காக வகுத்த விதி அது. அந்த விதியின் கீழ் வளர்ந்தவர்களும் சேர்ந்துதான் 2024இல் பாரிஸில் நார்வே பெண்கள் ஹேண்ட்பால் அணிக்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்தார்கள். ஒன்பது வயதில் தோற்றவள் என்று முத்திரை குத்தப்பட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளை பதினாறு வயதில் களத்துக்கு வரமாட்டாள். தாமதமாக உயரமாகிறவள், தாமதமாகத் தைரியம் வருகிறவள் எல்லோரும் அதுவரை விளையாட்டிலேயே இருந்தாக வேண்டும்.

பெரியவர்களின் ஆட்டத்துக்கு ஒருமுறை அவளைக் கூட்டிப்போங்கள். கோல்களை எண்ண வேண்டாம். ஆட்டக்காரியின் காலணியைப் பார்க்கச் சொல்லுங்கள். பந்து கையில் ஒட்டுவதற்கான பிசினை அதில் அப்பி வைத்திருப்பாள். ஓடிவரும்போதே குனிந்து விரலால் தொட்டுக்கொண்டு நிமிர்வாள். அந்த ஒரு அசைவு கைவர எத்தனை குளிர்கால மாலைகள் ஆகியிருக்கும்!

பெக்கலாகேயின் பெயரை இன்று ஐரோப்பிய இறுதிப் போட்டிகளில் காணமுடியவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. உச்சிக்குப் பணம் வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் கழகம் இருக்கிறது. கோப்பை போன பிறகும் பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள், பெற்றோர் வாஃபிள் சுடுகிறார்கள். நீங்கள் விற்ற அந்தத் தாள் கட்டுகள்தாம் அரங்க வாடகையாகவும் பந்தாகவும் மாறுகின்றன. கூலி வாங்காமல் ஊர் கூடிச் செய்யும் இந்த வேலையை நார்வேக்காரர்கள் டுக்நாட் என்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வாஃபிள் கல் சூடாகும் நேரத்தில், பக்கத்தில் நிற்கும் மூத்த பெற்றோர் யாரிடமாவது கேளுங்கள்: நம் கழகம் எந்த ஆண்டு தொடங்கியது? முதலில் எந்த விளையாட்டுக்காக? பெண்கள் எப்போது சேர்ந்தார்கள்? பதிலை எனக்கு எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.